நீலகிரி, கொடைக்கானல் உயரத்தில் வீட்டுத் தோட்டம்: அந்த மலையின் செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஊட்டிக்குப் பக்கத்தில் வேப்பங்கன்று நட்ட ஆள் நான். சிரிக்காதீர்கள். "நாட்டு மரம் நடுங்கள், நாட்டு மரம் நடுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, கீழே போய்விட்டுத் திரும்பும்போது வேம்பு, புங்கை, பூவரசு என்று ஏழெட்டுக் கன்றுகளைக் காரின் பின்சீட்டில் அடுக்கிக் கொண்டுவந்து, வீட்டுக்குக் கீழே கொஞ்சம் பள்ளமாக, மண் நன்றாக இருந்த இடத்தில் நட்டேன். நவம்பர் வரை சாகாமல் இருந்தன, அவ்வளவுதான், ஒரு விரற்கடை கூட வளரவில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், வெந்நீர் ஊற்றியது போல் இலையெல்லாம் கருத்துத் தொங்குகிறது. ஒரே ராத்திரி உறைபனி.

வேம்பு நாட்டு மரம்தான். ஆனால் அதன் நாடு வேறு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரி வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கன்றுகள் இரண்டு மணி நேரப் பயணத்தில் பன்னிரண்டு டிகிரி கீழே இறங்கிவிட்டன. அதனால் இந்த உயரத்தில் "நாட்டுச் செடியா?" என்ற கேள்வி மட்டும் போதாது. இந்த மலையின் செடியா, இந்த உயரத்தின் செடியா, மலையின் இந்தப் பக்கத்துச் செடியா என்று மூன்றையும் கேட்க வேண்டும். நான் எழுதுவது நீலகிரி, பழனி மலைகளில் சுமார் 1,700 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். ஏற்காடு உயரம் குறைவு, அங்கே கணக்கு வேறு.

முதலில் உங்கள் இடத்தைப் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு குளிர்காலமாவது இடத்தைக் கவனிக்க முடிந்தால் நல்லது. முடியாது, இப்போதே நட்டாக வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்தாவது தெரிந்துகொள்ளுங்கள்.

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. குளிர்காற்று கனமானது, ராத்திரியில் தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டுவாசலில் ஒன்றும் இருக்காது, இருபது அடி கீழே காய்கறிப் பாத்தி வெள்ளையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஜனவரியில் வானம் தெளிவாக, காற்று இல்லாத ஒரு சாயங்காலம், நாலைந்து எவர்சில்வர் தட்டுகளில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தின் வெவ்வேறு மூலையில் வைத்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். எந்தத் தட்டில் மேலே கண்ணாடி போல ஏடு பிடித்திருக்கிறதோ அங்கே உறைபனி உண்டு. சுவர் ஓரம், மரத்தடி, பாறைப் பக்கம் வைத்த தட்டில் பெரும்பாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஒரு வாரம் செய்தால் உங்கள் தோட்டத்தின் குளிர் வரைபடம் கையில் வந்துவிடும். என் பள்ளம்தான் எங்கள் இடத்திலேயே மோசமான இடம் என்று கன்றெல்லாம் போன பிறகுதான் இப்படித் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது மழை. மலையின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது ஞாபகம் இருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது, கொடைக்கானலிலும் அப்படித்தான். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு உலகம். மேற்கே ஈரத்திலேயே நின்று பழகிய செடி கிழக்குச் சரிவில் மார்ச் மாத வறட்சியைத் தாங்காமல் போகலாம்.

மண்ணையும் கொஞ்சம் விசாரியுங்கள். மலை மண் இயல்பாகவே புளிப்பு மண். சோலை மரங்களும் புதர்களும் அதில்தான் பழகியவை. ஆனால் உங்கள் மனை முன்பு உருளைக்கிழங்கோ கேரட்டோ போட்ட நிலமாக இருந்தால், வருடக்கணக்கில் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். தேயிலை இருந்த நிலம் என்றால் புளிப்பு அப்படியே இருக்கும், ஆனால் மேல்மண் கரைந்து இறுகிப் போயிருக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். தாள் ஒன்று போதும், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் காட்டினால் சந்தோஷம். 7-ஐத் தொட்டால் கீழே சொல்லப்போகும் சில செடிகளை அந்த இடத்தில் மறந்துவிடுங்கள்.

சோலையா, புல்வெளியா

இங்கே இயற்கையாக இருந்தது இரண்டு. மடிப்பிலும் ஓடைக்கரையிலும் அடர்த்தியான குட்டை மரக்காடு, அதுதான் சோலை. திறந்த சரிவில், மேட்டில், காற்றும் பனியும் அடிக்கும் இடத்தில் புல்வெளி. மரம் இல்லாத சரிவைப் பார்த்ததும் "யாரோ காட்டை அழித்துவிட்டார்கள், மரம் நட வேண்டும்" என்று நினைக்கிற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அப்படி நட்டதுதான் இன்றைக்கு மலை முழுக்க நிற்கும் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). புல்வெளி காலி இடம் இல்லை, அதுவே ஒரு முழுமையான ஊர்.

வீட்டுத் தோட்டத்துக்கு இதனால் என்ன பயன் என்றால், செடி தேர்வு பாதி இங்கேயே முடிந்துவிடும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிழலும் ஈரமும் உள்ள மூலை சோலைச் செடிக்கு. முன்னால் வெயில் அடிக்கும், காற்று வாங்கும், தட்டில் ஏடு பிடித்த இடம் புல்வெளிச் செடிக்கு. நடுவில், சோலையும் புல்லும் சந்திக்கும் ஓரம் என்று ஒன்று உண்டு, அதில் வளரும் புதர்கள்தான் வீட்டுத் தோட்டக்காரனுக்கு உண்மையான வரம். வெயிலையும் தாங்கும், கொஞ்சம் நிழலையும் தாங்கும், பனியையும் தாங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஓரத்துப் புதர்களிலிருந்தே தொடங்குகிறேன், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இவைதான் நம்பிக்கை தரும். தவிட்டுப்பழம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ரோஸ் நிறப் பூ, கருநீலப் பழம், சின்ன வயதில் வழியில் பறித்துத் தின்றுவிட்டு நாக்கைக் காட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் இந்த ஊரில் நிறைய. ஊசிக்களா முள்ளுள்ளது, மஞ்சள் பூ, வேலியோரத்துக்கு ஏற்றது. ஹைபெரிகம் என்று ஒரு புதர், தங்க மஞ்சளில் பெரிய பூ, புல்வெளி ஓரமெல்லாம் நிற்கும், பார்த்திருப்பீர்கள், பெயர்தான் யாருக்கும் தெரியாது. விராலி வறண்ட சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ப்ளூபெர்ரி குடும்பத்திலேயே ஒன்று, வாக்சினியம் லெஷனால்ட்டி, நம் மலையில் இயல்பாகவே வளர்வது. சின்னச் சின்ன மணி போல் பூக்கும், பழத்தைப் பறவையும் தின்னும் நாமும் தின்னலாம். காசு கொடுத்து வெளிநாட்டு ப்ளூபெர்ரிக் கன்று தேடுகிறவர்கள் முதலில் இதைத் தேடலாமே என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று கோல்தேரியா. இதை அடையாளம் காண்பது எளிது: ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே வையுங்கள். முழங்காலுக்குத் தேய்க்கும் தைல வாசனை குப்பென்று வந்தால் அதுதான். ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்கிறார்களே, அதே வாசனை. கசக்கியும் வாசனை வரவில்லையென்றால் உங்களுக்கு வேறு ஏதோ கொடுத்துவிட்டார்கள்.

மரத்தில் நான் முதலில் சொல்வது காட்டுப்பூவரசு, அதாவது நம் ஊர் ரோடோடெண்ட்ரான். புல்வெளியில் தனியாக நின்று பனி, காற்று, தீ எல்லாவற்றையும் பார்த்த மரம். குளிர்காலத்தில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூத்தால் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் காலையிலிருந்து அங்கேயேதான். மெதுவாக வளரும், அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. புளிப்பு மண் கட்டாயம். நான் அக்கறையாக அடுப்புச் சாம்பல் போட்டு ஒன்றைக் கொன்றிருக்கிறேன். சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும், இலை வெளிறி மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது, ஆறு மாதத்தில் போய்விட்டது. ரோடோடெண்ட்ரானுக்கும் மேலே சொன்ன வாக்சினியம், கோல்தேரியாவுக்கும் சாம்பலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

சோலை மரங்களில் நாவல் குடும்பத்து வகைகள் பல உண்டு. சோலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை நடுவில் செக்கச்செவேலென்று தெரிவது பூ இல்லை, பல சமயம் இவற்றின் கொழுந்துதான். காட்டுச் செண்பகம் வெள்ளையாகப் பூக்கும், மணக்கும். மரப்பெரணி ஓடையோரம், எப்போதும் ஈரம் இருக்கும் மூலைக்கு மட்டும். ஐந்து சென்ட் மனையில் சோலை மரம் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள், சுவரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வையுங்கள். "வளர்ந்தால் வெட்டிக்கொள்ளலாம்" என்று நினைக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கு 1955-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், வீட்டு மனையில் நிற்கும் மரமானாலும் வெட்ட அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். நடும்போதே யோசித்து நட்டால் பின்னால் கலெக்டர் ஆபீஸ் படி ஏற வேண்டாம்.

தரையோரத்துக்குக் காசித்தும்பையின் காட்டு உறவுகள். நிழலில், ஈரத்தில், கல்லிடுக்கில் வரும். காய் முற்றியதைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அடுத்த வருடம் தோட்டம் முழுக்க முளைத்திருக்கும். நீலகிரி லில்லி என்று ஒன்று, நீளமான வெள்ளைக் குழல் பூ, மழைக்காலத்தில் பூக்கும். குளிர்காலத்தில் மேல்தண்டு காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், அதனால் உறைபனி அதை ஒன்றும் செய்வதில்லை. செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைக் கொத்திவிடாதீர்கள், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

ஊர்க்காரன் மாதிரி நடிக்கும் வெளியூர்ச் செடிகள்

இது கொஞ்சம் கசப்பான விஷயம், ஏனென்றால் மலைவாச ஸ்தலம் என்றால் நம் மனதில் வரும் படமே வெளியூர்ச் செடிகள்தான். ஹைட்ரேஞ்சியா, பியூஷியா, அகபந்தஸ், ஓடையோரமெல்லாம் வெள்ளையாக நிற்கும் காலா லில்லி, வேலிக்கு வைக்கும் சைப்ரஸ், தேயிலைக்கு நடுவில் சில்வர் ஓக், எதுவும் இந்த மலையில் பிறந்ததில்லை. காலா லில்லி தென்னாப்பிரிக்கா, சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. 1848-ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா அழகுதான், ஆனால் அங்கே நடந்து பார்த்து மலைச் செடியைக் கற்றுக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், உலகமெல்லாம் இருந்து கொண்டுவந்தவைதான் அங்கே அதிகம்.

எல்லா வெளியூர்ச் செடியும் வில்லன் இல்லை. தொட்டியில் ஒரு பியூஷியா இருந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டிலும் இருக்கிறது. பரவுகிறவைதான் பிரச்சினை: சீகை, உண்ணிச்செடி, மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம், முள் புதரான கோர்ஸ், செஸ்ட்ரம். இவற்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிறையப் பேர் கவனிக்காத எதிரி கிக்குயு புல். பச்சைக் கம்பளம் மாதிரி லான் வேண்டும் என்று போடுகிறோமே, அது கிழக்கு ஆப்பிரிக்காப் புல், தரைக்குக் கீழேயும் மேலேயும் கொடி ஓட்டி, நீங்கள் நட்ட சின்னக் கன்றின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கொத்தி எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், ஒரு கணு மிஞ்சினாலும் வந்துவிடும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பி, மேலே சருகும் தழையும் அரையடி கனத்துக்குக் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க மூடி வையுங்கள். ஓரத்தில் எட்டிப் பார்ப்பதை அவ்வப்போது பிடுங்குங்கள். அதற்குப் பிறகு நடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டால் மற்றதெல்லாம் வீண்.

கன்று எங்கே வாங்குவது, என்ன கேட்பது

இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். செடியின் பெயர் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம் இமயமலையிலும் உண்டு, நம் மலையிலும் உண்டு, ஆனால் நம்முடையது நீலகிரிக்கம் என்று தனியாகப் பிரிக்கப்பட்ட துணை இனம். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இமயமலைக் கன்றோ வண்ண வண்ணக் கலப்பினமோ வீட்டுக்கு வரும். அதேபோல் "செண்பகம்" என்று கேட்டு ஒரு நர்சரியில் நான் வாங்கி வந்தது மூன்று வருடம் கழித்து மஞ்சளாகப் பூத்தது. தாழ்ந்த மழைக்காடுகளின் செண்பகம் அது. நல்ல மரம்தான், கோயில் பூ, ஆனால் நான் கேட்டது வேறு.

அதனால் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். விதை எங்கே எடுத்தது? எந்த உயரத்து மரம்? ஒரே மரத்து விதையா, பல மரமா? கன்றை வளர்த்தது மேலேயா, அடிவாரத்திலா? உங்கள் இடத்திலிருந்து முன்னூறு மீட்டர் மேலே கீழே என்ற அளவுக்குள், மலையின் அதே பக்கத்திலிருந்து எடுத்த விதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இந்த முன்னூறு என்பது என் கைக்கணக்குதான். பதில் தெரியாத நர்சரி நேர்மையாகத் "தெரியாது" என்றால் மரியாதை, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் வண்டியைத் திருப்புங்கள். ஒரே செடியில் பத்துக் கன்று வாங்குவதானால் வெவ்வேறு தாய்மரத்துக் கன்றுகளாகக் கேளுங்கள், ஒரு நோயோ பூச்சியோ வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகாது.

வனத்துறை சோலை மரக் கன்றுகளை வளர்க்கிறது, அருகிலுள்ள ரேஞ்ச் அலுவலகத்தில் விசாரியுங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் பவுண்டேஷன், கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் பல வருடங்களாக மலைச் செடிகளை நாற்றங்காலில் வளர்த்து வந்தவை. போவதற்கு முன் ஒரு போன் செய்து இருப்பைக் கேட்டுவிடுங்கள், இவை கடை இல்லை, கேட்டதெல்லாம் கேட்ட நாளில் கிடைக்காது. காத்திருக்கும் நேரத்தில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலைக்கு அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம், நூறு ஹெக்டேர் சொச்சம்தான், எந்த மரம் எந்த மாதிரி நிழலில் நிற்கிறது என்பதை அங்கே பார்த்தால் பத்துக் கட்டுரை படித்ததற்குச் சமம்.

பார்க்கலாம், பறிக்கக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடியோ விதையோ எடுப்பது குற்றம், "ஒரே ஒரு பெரணிதானே" என்பதெல்லாம் செல்லாது. ஆனால் சட்டப்படியே கிடைக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. பக்கத்தில் யாராவது சொந்த மனையில் வீடு கட்ட மண் வெட்டப் போகிறார்களா? ஜேசிபி வருவதற்கு முந்தின வாரம் போய் "அண்ணே, அந்தக் கரையில் இருக்கும் செடிகளை நான் எடுத்துக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். என் தோட்டத்து லில்லிக் கிழங்குகளும் பாதிப் பெரணியும் அப்படி வந்தவைதான். வேரோடு, அந்த மண்ணோடு, சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். அதைவிட உள்ளூர்ச் செடி எங்கே கிடைக்கும்?

பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். புத்தகப் பெயர் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் எந்தச் செடி எந்தச் சரிவில் நின்றது, எதைக் கரடி தின்னும், எது பனியில் கருகும் என்று படுகப் பாட்டி ஒருவர் சொன்னதை வைத்துத்தான் நான் என் கிழக்குச் சரிவையே திட்டம் போட்டேன்.

கன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது

ஆறடி உயரக் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்று ஒன்றரை அடிக் கன்றுதான் மலைக்குப் பிடிக்கும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள்: ஆணிவேர் பையைக் கிழித்துத் தரைக்குள் போய், பிடுங்கி எடுத்திருக்கிறார்கள் என்றால் வேண்டாம். பையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், வேர் கயிறு சுற்றியது போல் வட்டம் வட்டமாக ஓடியிருந்தால் அது பையிலேயே கிழடாகிவிட்டது, நிலத்தில் வைத்தாலும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராது. கொழுந்து மட்டும் வெளிர்பச்சையாக நீண்டு தண்டு மெலிந்திருந்தால் நிழல்வலைக்குள் உரம் போட்டு வளர்த்தது, முதல் காற்றிலேயே சாயும். தண்டு பென்சில் கனம், இலை கொஞ்சம் தடிப்பு, ஒன்றிரண்டு பூச்சிக்கடி இருந்தாலும் பரவாயில்லை, அதுதான் வெளியில் வளர்ந்தது என்பதற்குச் சாட்சி.

வாங்கி வந்ததை உடனே நட வேண்டாம். பையின் மண்ணில் கிக்குயு கணுவும் களை விதையும் ஒளிந்து வரும். ஒரு மாதம் வாசலில் தனியாக வைத்து, முளைப்பதைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுபோங்கள். அடிவாரத்தில் வளர்ந்த கன்றாக இருந்தால் இந்த ஒரு மாதம் அதற்கும் பழக்கமாகும்.

நீங்களே விதையிலிருந்து வளர்ப்பதானால் ஒன்று மட்டும்: நாவல் வகையெல்லாம் விதை காய்ந்தால் செத்துவிடும். டப்பாவில் போட்டு வைத்து மழை வந்ததும் போடலாம் என்றால் முளைக்காது, சதையைக் கழுவிவிட்டு அந்த வாரமே ஊன்றுங்கள். ரோடோடெண்ட்ரான் விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும், மண்ணால் மூடாமல் பாசியின் மேல் தூவி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்ட பிறகு

பனி விழும் இடமென்றால் ஜூன், ஜூலையிலேயே நட்டுவிடுங்கள், டிசம்பருக்குள் வேர் இறங்க ஐந்து மாதம் கிடைக்கும். பனி இல்லாத கிழக்குச் சரிவு என்றால் செப்டம்பர், அக்டோபர். முதல் இரண்டு குளிர்காலத்துக்குக் காய்ந்த பெரணித் தழையைக் கூடாரம் போல் கன்றின் மேல் சாய்த்து வையுங்கள், தேயிலைத் தோட்டங்களில் இளஞ்செடியை மூடுகிறார்களே அதே மாதிரி. பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், இலை தாளில் ஒட்டிய இடமெல்லாம் கருகும். இன்னொரு விஷயம், உறைந்த இலையின் மேல் காலை முதல் வெயில் சுளீரென்று அடிக்கும்போதுதான் சேதம் அதிகம், அதனால் மென்மையான கன்றைக் கிழக்கே ஏதாவது மறைப்பு இருக்கும் இடத்தில் வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை இல்லாதபோது வாரம் ஒரு குடம் தண்ணீர். உரம் வேண்டாம், சருகு போதும்.

மனையில் பழைய சீகை நின்றால் முதல் நாளே எல்லாவற்றையும் வெட்ட ஓடாதீர்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் நிழல் உங்களுக்கு இப்போது வேண்டும். வயதான சீகை, பைன் தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைப் பழனி மலையில் பார்க்கலாம். சோலைக் கன்று சின்ன வயதில் நிழல் கேட்கும், பெரிதானதும் வெளிச்சம் கேட்கும். அதனால் கீழே நட்டுவிட்டு, சீகையின் விதைக்கன்றுகளை மட்டும் வருடா வருடம் பிடுங்கி, பெரிய மரத்தை அனுமதியோடு ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். பழம் தரும் புதரைப் படுக்கையறை ஜன்னல், வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் பக்கத்தில் வைக்காதீர்கள், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி வீட்டுக்குள்ளேயே வருகிற காலம் இது. மனையின் கடைசி ஓரத்தில் வையுங்கள், அங்கே விளக்கு ஒன்று இருக்கட்டும். காட்டெருமைக்கு ஊசிக்களா வேலியெல்லாம் வேலியே இல்லை, மிதித்துக்கொண்டு போகும். கன்றுகளைச் சுற்றி மூன்று மூங்கில் குச்சி நட்டு வைத்தால் கடமானிடமிருந்து ஓரளவு தப்பிக்கும், அவ்வளவுதான் நம்மால் முடியும்.

கடைசியாகக் குறிஞ்சி, எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நீலக்குறிஞ்சி வெயில் அடிக்கும் புல்வெளிச் சரிவின் செடி, நிழலில் வைத்தால் நீண்டு சாயும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, விதை கொடுத்து, செத்துப்போகும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. சில சரிவுகள் வேறு கணக்கில் பூக்கும், அதனால் கன்று கொடுப்பவரிடம் எந்தச் சரிவின், எந்த வருடப் பூவின் விதை என்று கேட்டு ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறிச் செடியின் அடியில் கட்டி வையுங்கள், மார்க்கரில் எழுதினால் இரண்டு மழைக்குத் தாங்காது. ஒரு செடி மட்டும் வைக்காமல் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து நடுங்கள், நடுவில் மலைப் புல் இருக்கட்டும். பூத்து முடிந்த அடுத்த சில மாதங்களில் செடி காய்ந்து பழுப்பாகும்போது பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். காய் வெடித்து விதை அங்கேயே விழட்டும், காய்ந்த தண்டு நிற்கிற இடத்திலேயே அடுத்த மழைக்குக் கன்று முளைக்கிறதா என்று பாருங்கள்.